பாதி அறுத்த கிளை

கண்ணாடிக்காரரின் வீட்டுக்கும் சலூன்காரரின் வீட்டுக்கும் நடுவில் ஆளுயரச் சுவர் ஒன்று இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், சலூன்காரர் வீட்டின் பின்புறத்தில், ஓர் அத்திமரம். வேர் ஒருத்தருக்கு, நிழல் இன்னொருத்தருக்கு என்று தெருவில் கேலி பேசுவார்கள். நிழலோடு நின்றிருந்தால் கண்ணாடிக்காரர் வாயே திறந்திருக்க மாட்டார். ஆனால் அந்த மரத்தின் பெரிய கிளை, ஓர் ஆளின் தொடைப் பருமன் இருக்கும், சுவரைத் தாண்டி வந்து அவருடைய பட்டறைக் கூரைக்கு மேலே படுத்திருந்தது.

தகரக் கூரை. அதற்குக் கீழே மரச்சட்டங்களில் கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருப்பார். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, படங்களுக்கு என்று அளவெடுத்து வெட்டுவது அவர் தொழில். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும். அந்த நேரம் பார்த்து மேலே 'டொக்' என்று ஒரு பழம் விழும். கை துள்ளும். கண்ணாடி கோணலாகக் கீறிக்கொள்ளும். போதாததற்குக் காற்றடித்தால் கிளை தகரத்தை உரசும். இலை அடைத்துக்கொண்டு மழைத் தண்ணீர் கூரையோரமாக உள்ளே வழியும்.

"யோவ் சலூன், அந்தக் கிளையைக் கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?" என்று அவர் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை முடிச்சுடறேன் கண்ணாடி. நீ கவலையை விடு" என்பார் சலூன்காரர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. சலூன்காரர் கெட்ட மனிதரல்ல. சோம்பேறியும் அல்ல, காலையிலிருந்து இருட்டும் வரை நின்றபடியே வேலை செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய சலூன். அதன் இரண்டு சுவர்களிலும் எதிரெதிரே நின்ற பெரிய கண்ணாடிகளைக் கண்ணாடிக்காரரே செய்து மாட்டியிருந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒருவரை ஒருவர் வாரிவிடாமல் அவர்களுக்குப் பொழுது போகாது.

ஒரு மழைக்குப் பிறகு, கடையொன்றின் முகப்புக்கு என்று வெட்டி வைத்திருந்த பெரிய கண்ணாடி பாழாகிவிட்டது. கூரையிலிருந்து வடிந்த தண்ணீரில், கண்ணாடிக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்த அட்டை ஊறிச் சரிந்து, கண்ணாடி தரையில் அடித்துக்கொண்டது. கண்ணாடிக்காரர் கோபத்தோடு சலூனுக்குள் போனார். சனிக்கிழமை சாயங்காலம். பெஞ்சு நிறைய ஆட்கள்.

"ஊர்ல இருக்கிற தலையெல்லாம் வெட்டறே. உன் வீட்டு மரத்துக்கு ஒரு கிராப் வெட்ட உனக்குத் துப்பில்லை. உன் கத்தரி கையில இல்லய்யா, வாயிலதான் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நாற்காலியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர்கூடச் சிரித்தார். சலூன்காரரும் சிரித்தார், ஆனால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தார். முகம் கறுத்திருந்தது. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தார். கொஞ்சம் சுடட்டும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ரோஷம் வந்துடுச்சு பாரு" என்றார் மனைவியிடம்.

"அவரே ஏறிட்டாரா? ஆள் வச்சு வெட்டக் கூடாதா? போய் ஒரு கை பிடிங்க."

"டீயைக் குடிச்சுட்டுப் போறேன்."

போனால் ஏணியைப் பிடிக்க வேண்டியிருக்கும். ஏணியைப் பிடித்தால் நேற்றுச் சொன்னதற்குச் சமாதானம் பேச வேண்டியிருக்கும். அதனால் அவர் டீயை மெதுவாகக் குடித்தார். ரம்பத்தின் சத்தம் நின்றது. களைப்பாறுகிறார் போல என்று நினைத்தார். பிறகு சலூன்காரரின் மனைவி அலறியது கேட்டது.

கிளையின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி அறுத்திருக்கிறார். பாரம் இறங்கி, ரம்பம் கிளைக்குள் சிக்கிக்கொண்டது. அதைப் பிடுங்கப் போய்ப் பிடி தவறிவிட்டது. விழும்போது முதுகு சுவர்மேல் அடித்து, அங்கிருந்து கீழே. கண்ணாடிக்காரர் சுவரேறிக் குதித்தபோது சலூன்காரர் கண்ணைத் திறந்தபடிதான் கிடந்தார். "காலை யாரோ பிடிச்சிருக்காங்க பாரு, விடச் சொல்லு" என்றார். அவர் காலை யாரும் பிடித்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வெகுநாள் வைத்திருந்தார்கள். உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வலது கை அசைந்தது. விரல்கள் கத்தரிக்குள் நுழையும், மடங்காது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, கட்டிலைத் திருப்ப இடம் வேண்டும் என்று சலூனையே அவருக்கு அறையாக்கினார்கள். சுழல் நாற்காலியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கட்டிலைப் போட்டார்கள். தெருவைப் பார்த்த அறை. பின்புறம் அங்கிருந்து தெரியாது.

மரம் அப்படியே நின்றது. ரம்பம் கிளையிலேயே சிக்கி, மழையில் நனைந்து துருவேறிக்கொண்டிருந்தது. அறுபட்ட கிளை முன்பைவிடத் தாழ்ந்து தகரத்தை அழுத்தியது.

"முழுசா இருந்தப்பகூட இவ்வளவு பயமில்ல" என்றாள் கண்ணாடிக்காரரின் மனைவி. "இப்ப எந்த நேரம் தலையில விழுமோன்னு இருக்கு. யார்கிட்டயாவது சொல்லி வெட்டுங்க."

"யார்கிட்ட சொல்றது? படுத்திருக்கறவன்கிட்டயா? கிளையை வெட்டுன்னு இன்னொரு தடவை கேக்கச் சொல்றியா?"

 அன்றே அவர் பெரிய கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வீட்டு முன்னறையில் கொண்டுவந்து வைத்தார். வீட்டில் நடக்க இடமில்லாமல் போனது. சின்னக் கண்ணாடிகளும் வெட்டும் மேசையும் பட்டறையிலேயே கிடந்தன. அவர் வேலை செய்யும்போது அடிக்கடி மேலே பார்க்கப் பழகிக்கொண்டார்.

சலூன்காரரைப் பார்க்க அவ்வப்போது போவார். என்ன பேசுவது என்று தெரியாமல் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் சலூன்காரரே, "ஒரு வேலை செய்யறியா? இந்தக் கண்ணாடிங்களைக் கழட்டிடு" என்றார். "இந்தப் பக்கம் திரும்பினா நான். அந்தப் பக்கம் திரும்பினாலும் நான். ஒருத்தன் எத்தனை நேரம்யா தன் மூஞ்சியையே பார்க்கறது? அதுவும் இந்த மூஞ்சியை."

வெகுநாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த கிண்டல் அது. கண்ணாடிக்காரர் திருப்புளியோடு வந்து திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது அவருக்கு வசதியாக இருந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"அந்தக் கிளை என்னாச்சு?"

திருப்புளி வழுக்கியது. கண்ணாடிக்குள் சலூன்காரரின் கண்கள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அதுவா... அது அப்பவே விழுந்துடுச்சுய்யா" என்றார் கண்ணாடிக்காரர். "நீ விழுந்த கையோட அதுவும் விழுந்துடுச்சு. நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் துண்டு துண்டா வெட்டி அப்புறப்படுத்திட்டேன்."

"நிஜமாவா?"

"பின்னே?"

"ரம்பம்?"

"எங்கிட்டதான் இருக்கு. துடைச்சு எண்ணெய் போட்டு வச்சிருக்கேன்."

சலூன்காரர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். "அப்போ வேலை முடிஞ்சுதுன்னு சொல்லு" என்றார். முகம் தெளிந்துவிட்டது. "வாயிலதான் கத்தரின்னு சொன்னியே. இப்ப என்ன சொல்றே?"

"தப்புத்தான்யா. தெரியாமச் சொல்லிட்டேன்."

உள்வாசலில் சலூன்காரரின் மனைவி கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கழற்றிய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பியபோது வெளிக்கதவு வரைக்கும் வந்தாள்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"வாயில வந்துடுச்சும்மா. நாளைக்கு உண்மையைச் சொல்லிடறேன்."

"வேண்டாம்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர் முகத்தைப் பார்த்தீங்கல்ல? இனிமே அது அப்படியே இருக்கட்டும்."

அன்றிலிருந்து கிளையைத் தொட முடியாமல் போனது. ரம்பம் வைத்தாலும் கோடரி வைத்தாலும் அந்தச் சத்தம் முன்னறைக்குக் கேட்கும். விழுந்துபோன கிளையை யார் வெட்டுவது? கண்ணாடிக்காரரின் மனைவிதான் யோசித்து ஒரு வழி சொன்னாள். சலூன்காரரைப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும் நாளில், காலையிலேயே ஆட்களை வைத்து வெட்டி முடித்துவிட வேண்டும். சலூன்காரரின் மனைவியும் ஒத்துக்கொண்டாள். மரம் வெட்டுகிறவர்களிடம் சொல்லியாகிவிட்டது. ஆனால் அன்று காலை சலூன்காரருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிப் பயணம் நின்றது. கயிறும் கோடரியுமாக வந்த ஆட்களைக் கண்ணாடிக்காரர் தெருமுனையிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினார்.

"வெட்டணுமா வேண்டாமான்னு முதல்ல நீங்களே முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க சார்" என்று அவர்கள் சலித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று பேரும் இருந்தார்கள்.

இதற்கிடையில் சலூன்காரர் கொஞ்சம் தேறினார். போகிற வருகிறவர்களிடம் கதை சொல்ல ஆரம்பித்தார். "ஆள் கீழே, கிளை கீழே, ரெண்டும் ஒண்ணாத்தான் இறங்கினோம்" என்பார். "ஆனா நம்ம கண்ணாடியோட பட்டறைக் கூரை தப்பிச்சுது. அதைக் கேளுங்க." கண்ணாடிக்காரர் பக்கத்தில் இருந்தால் அவரையே சாட்சிக்கு இழுப்பார். அவரும் தலையாட்டுவார். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

ஒரு மத்தியானம் காற்று கிளம்பியது. கண்ணாடிக்காரரைச் சாப்பிடக் கூப்பிட அவர் மனைவி பட்டறை வாசலுக்கு வந்து நின்றாள். அவர் கண்ணாடி வெட்டும் கட்டரை வைத்துவிட்டு வெளியே இரண்டு எட்டு வைத்திருப்பார். தலைக்கு மேலே துணி கிழிவதுபோல ஒரு சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் கூரை மடங்கி உள்ளே இறங்கிவிட்டது. அதன் பிறகும் கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து நொறுங்கும் சத்தம் நிற்கவே இல்லை. மேசை இருந்த இடத்தில் இலைகள் இருந்தன. மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்திருந்தாள்.

சலூன்காரரின் மனைவி சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிவந்தாள். பதற்றத்தில் அவளுக்கு எதுவும் நினைவில் இல்லை.

"ஐயோ, அந்தக் கிளை விழுந்துடுச்சே! அண்ணே! அக்கா! ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். கத்திய பிறகுதான் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் கண்ணாடிக்காரர் போனார். போகாமல் இருக்க முடியாது. சலூன்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"உனக்கு அடி ஏதாவது பட்டுச்சா?"

"இல்லய்யா."

"எவ்வளவு அறுத்திருந்தேன்?"

கண்ணாடிக்காரர் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். இன்னொரு பொய்க்கு அவரிடம் தெம்பு இல்லை.

"பாதிகூட இல்ல."

"அப்போ நான் சும்மாதான் விழுந்திருக்கேன்."

"அப்படிச் சொல்லாதய்யா. உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்..."

"என் மனசா?" சலூன்காரர் குரலை உயர்த்தவில்லை. "இங்க வந்து என் எதிர்ல உட்கார்றதுக்கு உனக்கு ஒரு பொய் தேவைப்பட்டுச்சு. அதைச் சொல்லு. நான் எத்தனை பேர்கிட்ட அந்தக் கதையைச் சொன்னேன்! பக்கத்துலயே உட்கார்ந்து தலையாட்டினியே. என்னைப் பார்த்தா உனக்கு எப்படி இருந்துச்சு?"

கண்ணாடிக்காரர் கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"காலுதான் போச்சு, எடுத்த வேலையையாவது முடிச்சோமேன்னு நினைச்சுக்குவேன். தினமும் நினைச்சுக்குவேன்." அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உடம்பைத் திருப்ப அவரால் முடியாது; முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரமே சலூன்காரரின் மனைவி ஆட்களைக் கூப்பிட்டு மரத்தை அடியோடு வெட்டச் சொல்லிவிட்டாள். யந்திர ரம்பம் காலையில் தொடங்கிப் பொழுது சாயும்வரை இரைந்தது. கண்ணாடிக்காரர் பட்டறையின் இடிபாடுகளை அள்ளிக்கொண்டிருந்தார். கையுறை போட்டிருந்தும் விரல்களில் சின்னச் சின்னக் கீறல்கள். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே சலூன்காரரின் துருப்பிடித்த ரம்பமும் கிடைத்தது. அதைத் துடைத்து எண்ணெய் போடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். பிறகு அதையும் குப்பையோடு சேர்த்துவிட்டார்.

அதற்குப் பிறகும் அவர் போய்ப் பார்த்தார். முதல் முறை தூங்குகிறார் என்றாள் சலூன்காரரின் மனைவி. அடுத்த முறையும் தூங்குகிறார் என்றாள். மூன்றாவது முறை போனபோது அவளே வெளியே வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வாசற்படியில் நின்றாள். ரொம்ப இளைத்திருந்தாள்.

"உங்க மேல கோபம் ஒண்ணும் இல்லண்ணே. நானும் சேர்ந்துதானே மறைச்சேன். ஆனா உங்க குரல் கேட்டாலே அன்னிக்குச் சாப்பிட மாட்டேங்கிறாரு. கொஞ்ச நாளைக்கு வராம இருங்க."

"எத்தனை நாளைக்கும்மா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.  "அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

கண்ணாடிக்காரர் படியிறங்கினார். தெருவில் கால் வைக்கும்போது உள்ளிருந்து சலூன்காரரின் குரல் கேட்டது.

"யாரு வந்தது?"

"யாரும் இல்லீங்க" என்றாள் அவள்.