காதைப் பிடிக்காதவள்

நெடுந்தீவில் கிறிஸ்தோப்பரோடு கதைக்க வருகிறவர்கள் அவருடைய வலப்பக்கமாகத்தான் வந்து நிற்பார்கள். இடது காது, சங்கு குளிக்கப் போன இளவயதிலேயே போய்விட்டது. காது அடைக்க அடைக்க நிற்காமல், பெரிய வீரன் மாதிரி ஒரே மூச்சில் ஆழத்துக்கு இறங்கினால் வேறென்ன நடக்கும்!

எழுபத்தாறாம் ஆண்டு, சங்குக் கொம்பனி கொடுத்த சிலிண்டர்களில் கொஞ்சம் காற்று மிச்சம் கிடந்தது. தங்களுக்கும் அவற்றைக் கட்டிக்கொண்டு முங்கப் பழக்கும்படி மகள் பிலோமினாவும் மகன் மனுவேலும் அவருடைய உயிரை வாங்கினார்கள். மறுத்தால் களவாகப் போய் முங்குவார்கள், அவ்வளவு நல்ல பிள்ளைகள். ஒழுங்காகவே பழகட்டும் என்று வள்ளத்தில் ஏற்றினார். அவருக்கு இருந்தது ஒரே பயம்தான். இதுகளின் காதும் தன்னுடைய காது மாதிரிப் போய்விடக் கூடாது.

“கயித்தைப் பிடிச்சு மெல்ல இறங்கோணும். ஒவ்வொரு முழத்துக்கும் நிண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதுங்கோ. காதுக்குள்ளை ‘டிக்’ எண்டு கேட்டால் மற்ற முழம். நொந்தால் காதைப் பிடிச்சுக் காட்டுங்கோ, நான் மேலை கொண்டு வருவன்.”

“ஓம்” என்றார்கள் இரண்டு பேரும்.

மனுவேல் முழத்துக்கு முழம் வெட்கமில்லாமல் காதைப் பிடித்தான். அவனை ஏற்றி இறக்கியே கிறிஸ்தோப்பருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பிலோமினாவோ ஒருதரம்கூடப் பிடிக்கவில்லை. “அவளுக்குக் கடலுக்கெண்டே செய்த காது” என்று மனைவியிடம் பெருமை அடித்தார். அந்தப் பெருமை ஒரு கிழமைதான் நின்றது.

அன்றைக்கு இரண்டு பாகம், பன்னிரண்டு அடி ஆழத்தில், அவள் கண்ணாடிக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பதைக் கண்டார். மேலே கொண்டுவந்து கண்ணாடியைக் கழற்றினால் மூக்கடியில் இரத்தம்.

“நொந்ததோ?”

“நொந்தது.”

“எப்ப துவக்கம்?”

“முதல் நாள் துவக்கம்.”

“விசர்ப் பெட்டை, பிறகேன் காதைப் பிடிக்கேல்லை?”

“நான் ஒரு பிழையும் செய்யேல்லையே.”

கிறிஸ்தோப்பருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. போன மாதம் பள்ளிக்கூடத்தில் யாரோ தண்ணீர்க் குடத்தை உடைக்க, ரீச்சர் அந்த வாங்கில் இருந்த பிள்ளைகள் எல்லோரையும் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடச் சொல்லியிருக்கிறார். உடைக்காதவள் ஏன் பிடிக்க வேண்டும் என்று இவள் மட்டும் மறுத்து, பள்ளி விடும்வரை வெயிலில் நின்றாள். “என்ரை பிள்ளையெல்லோ” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த மனிதன், அதே பிள்ளையைக் கடலுக்குள் கொண்டுபோய்க் காதைப் பிடி என்றிருக்கிறார்.

அவளுடைய இடப்பக்கமாகப் போய் இருந்து, மெல்லிய குரலில், “தோடம்பழ இனிப்பு வாங்கித் தரட்டே?” என்று கேட்டார். வள்ளத்தின் மறுமுனையில் இருந்த மனுவேல் திரும்பினான். அவள் திரும்பவில்லை.

இடது காதின் செவிப்பறை கிழிந்திருக்கிறது, தானாக ஒட்டலாம், ஒட்டாமலும் விடலாம், ஒரு மாதம் பார்ப்போம் என்றார் டொக்டர். அந்த மாதம் முழுவதும், யார் கூப்பிட்டாலும் அவள் தன்னைப் போலவே வலது காதைத் திருப்புவதைப் பார்க்கப் பார்க்கக் கிறிஸ்தோப்பருக்குச் சோறு இறங்கவில்லை.

மாதம் முடிந்த அன்று குசினியில் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவர் சத்தமில்லாமல் இடப்பக்கமாகப் போய் நின்று, அதே மெல்லிய குரலில் அதையே கேட்டார்.

“எங்கை இனிப்பு?” என்று திரும்பினாள் பிலோமினா.

கிறிஸ்தோப்பர் கைகளைக் குறுக்கே போட்டு, தன்னுடைய இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் குந்தினார்.

“அப்பா, காது நோகுதோ?”

“இல்லைப் பிள்ளை. பிழை விட்டனான்.”

அவள் தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தாள்.

“காணும், போதும்” என்றாள். “எழும்புங்கோ.”