கத்தரிக்கோல் எழுதிய வரி

மூன்றாவது தடவையும் அந்த வரி காணாமல் போயிருந்தது. மருந்துக்கடைக்காரிக்குச் சுர்ரென்று ஏறியது. மதிய நேரம், கடையில் ஈ காக்கை இல்லை, அக்கடா என்று மடிக்கணினியைத் திறந்தால் இந்தக் கூத்து.

சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்டு வருகிறவன் தலைகீழாக நின்றாலும் கொடுக்காதவள் அவள். இணையக் கலைக்களஞ்சியத்திலும் அதே குணம்தான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இடம் அது. அங்கே ஆதாரம் காட்டாத வரியை ஒட்ட நறுக்கிவிடுவாள். அங்கே எழுதுகிற மற்றவர்கள் கிண்டலாக வைத்த 'கத்தரிக்கோல்' என்ற பேரையே பயனர் பெயராக வைத்துக்கொண்டு, நிர்வாகியும் ஆகி, ஆட்களைத் தடை செய்கிற அதிகாரமும் வாங்கியிருந்தாள்.

கட்டுரை, ஊருக்குக் குடிதண்ணீர் அனுப்பும் நீரேற்று நிலையத்தைப் பற்றியது. ஒன்பது வருஷத்துக்கு முன் அங்கே குளோரின் கசிந்து பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். 'ஆபரேட்டர் வால்வை மூடாமல் வீட்டுக்குப் போனதே காரணம்' என்றது அந்த வரி. ஒரு பத்திரிகைச் செய்தி அதற்கு மேற்கோள். அவளுடைய அண்ணன் அப்போது அங்கேதான் இன்ஜினியர். சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட கட்டுரையில் கை வைக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. 'அண்ணன் வேலை பார்த்த இடம்தானே, அண்ணனைப் பற்றிய கட்டுரையா என்ன' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்தப் பக்கத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தவள்.

வரியை அழிப்பது 'ஆபரேட்டர் மகள்' என்ற பயனர். எழுதியிருந்த காரணம் ஒன்றே ஒன்று: "எங்க அப்பா அப்படிப் பண்ணல."

மருந்துக்கடைக்காரி வரியைத் திரும்பப் போட்டாள். உடனே இன்னொரு நிர்வாகியிடமிருந்து செய்தி வந்தது. சண்டை என்று வாசனை பட்டாலே பக்கத்தைப் பூட்டிவிடுகிற ஆசாமி, அதனால் எல்லோருக்கும் அவர் 'பூட்டு'.

"இன்னொரு தடவை அழிச்சா அந்தப் பொண்ணுக்குத் தடை. நாலு மணிக்கு வந்து பக்கத்தையும் பூட்டுறேன். சரிதானே?"

"தாராளமா பூட்டுங்க."

ஒருவர் சளி மருந்து வாங்கிப் போனார். அதற்குள் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் அந்தப் பெண் எழுதியிருந்தாள்.

"மேடம், நாளைக்குப் பதினொரு மணிக்கு அப்பாவோட மேல்முறையீட்டு விசாரணை. வேலைய விட்டு எடுத்து ஒன்பது வருஷம் ஆச்சு. ரெண்டு உயிரைக் குடிச்சவர்னு யாரும் வீட்டுப் பக்கம் வர்றதில்ல. எதிர்த்தரப்பு வக்கீல் உங்க பக்கத்தையும் பேப்பர் செய்தியையும் சேர்த்து பிரிண்ட் எடுத்து வெச்சிருக்காரு. உங்களுக்கு இது ஒரு வரி மேடம். எங்களுக்கு அதான் எல்லாம்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணீரை மேற்கோளாகப் போட முடியுமா? செய்தி வந்த தேதியைக் காட்டி வாயை அடைத்துவிடலாம் என்று தேடினாள். விபத்து நடந்த அதே மாதம் பதினாறாம் தேதி. அப்படியே கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தாள். கலைக்களஞ்சியம் எதையும் மறப்பதில்லை. யார், எந்த நிமிஷம், எந்த எழுத்தைச் சேர்த்தார் என்பதெல்லாம் வரிசையாக இருக்கும்.

அந்த வரி கட்டுரைக்குள் வந்தது பன்னிரண்டாம் தேதி. செய்திக்கு நாலு நாள் முன்னால், மேற்கோளே இல்லாமல்.

அப்படியென்றால் பத்திரிகைக்காரர் இங்கிருந்து எடுத்திருக்கிறார். இவர்கள் அந்தப் பத்திரிகையையே ஆதாரமாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் தடிமாட்டின் வேலை இது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியவரின் பேரைப் பார்த்தாள்.

புதுப்பேனா.

அது அவளேதான். கல்லூரியில் படிக்கும்போது, விதி என்று ஒன்று இருப்பதே தெரியாமல், ஆர்வக்கோளாறில் தொடங்கி, கடவுச்சொல்லை மறந்து கைவிட்ட கணக்கு. அவள் எழுதிய முதல் வரியே அதுதான், எழுதியதையே மறந்திருந்தாள். பட்ட அடி போதாதென்று கீழே இன்னொன்றும் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பத்திரிகைச் செய்தியைத் தேடிப் பிடித்து மேற்கோளாகச் சேர்த்த புண்ணியவதி, கத்தரிக்கோல். தான் விட்ட கதைக்குத் தானே சாட்சி பிடித்துக் கொடுத்திருந்தாள்.

அன்றைக்கு இதைச் சொன்னது அண்ணன். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னான். மணி மூன்றரை. போனைப் போட்டாள்.

"அண்ணா, அந்த ஆபரேட்டர் வால்வை மூடாம போனார்னு சொன்னியே, யார் சொல்லி உனக்குத் தெரியும்?"

"இப்ப எதுக்குடி அது?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லு. நீ கண்ணால பாத்தியா?"

"எல்லாரும் சொன்னாங்க."

"எல்லாரும்னா யாரு? ஒரு பேர் சொல்லு."

ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்விதான். இந்தத் தடவை பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"அந்த வரி அங்கேயே இருக்கட்டும்" என்றான் அண்ணன்.

"அது அங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். அப்பப்ப பாப்பேன்." குரல் உடைந்தது. "அவர் மக பிறந்தநாள்னாரு. நீங்க கிளம்புங்க, நான் மூடிக்கிறேன்னேன். போன் வந்துச்சு, பேசிட்டே வெளிய வந்துட்டேன். மறந்துட்டேன்டி. அப்பா போனப்புறம் உன்னைப் படிக்க வெச்சவன் நான். அதை எடுத்தா அடுத்து யார் மேல வரும்னு யோசிச்சியா?"

அவள் போனை வைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு அம்மா சீட்டை நீட்டினார்கள். மாத்திரையை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தாள்.

நாலு மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம். பூட்டு வந்து பூட்டிவிட்டால் நிர்வாகியே ஆனாலும் கை வைக்கக்கூடாது, இந்த வரியோடுதான் நாளைக்கு விடியும். அவள் வரியை நீக்கினாள். காரணம் கேட்கும் பெட்டியில் எழுதினாள்: 'முதலில் எழுதிய புதுப்பேனா நானே. அப்போது என்னிடம் ஆதாரம் ஏதும் இல்லை. செய்தி இங்கிருந்து எடுக்கப்பட்டது, தேதிகளைப் பார்க்கவும். அங்கே வேலை பார்த்தவர் என் அண்ணன். இந்தப் பக்கத்தை நான் தொட்டிருக்கவே கூடாது.'

"என்னங்க இது? நிர்வாகி பதவியே போயிடும்" என்று பூட்டு பதறினார்.

அந்தப் பெண் எழுதியிருந்தாள். "ரொம்ப நன்றி மேடம். அப்ப மூடாம விட்டது யாரு? அதை எழுதுவீங்களா?"

விதி தெளிவாக இருந்தது. அண்ணன் போனில் சொன்னது எங்கேயும் அச்சில் வரவில்லை. ஆதாரம் இல்லாததை எழுதக்கூடாது. 'முடியாது' என்று ஒரு சொல் போட்டால் போதும், யாரும் குறை சொல்ல முடியாது. உயிராகக் காத்த விதி இவ்வளவு சௌகரியமாக வந்து நின்றதில் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"இங்க எழுத முடியாதும்மா. நாளைக்கு விசாரணை எந்த இடத்துல? நான் வர்றேன்."

போன் அடித்தது. அண்ணன். எடுத்தாள்.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு அந்த ஆபரேட்டரோட விசாரணை" என்றாள். "நீ வந்து உன் வாயால சொல்லு. வரலைன்னா நான் சொல்லுவேன்."