கேதீஸ்வரியின் வீட்டில் அடித்த பலகை

“கையெழுத்துப் போட்டவர்தான் வீட்டுக்காரர் எண்டா, அப்ப நான் ஆர் பாஸ்டர்? வாடகைக்கு இருக்கிறவளா?”

கேதீஸ்வரியின் சத்தம் தெருவுக்குக் கேட்டது. நான் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு அங்கேயே நின்றேன். உள்ளே போகத் துணிவு வரவில்லை.

முற்றத்தில் பாஸ்டர் லக்ஷன் ஒரு தாளைக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் ஒப்பம் வைத்தவர் கேதீஸ்வரியின் புருசன் இளையதம்பி. அவர் மாமரத்தடியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவரில் எங்கள் புதுச் சபையின் பெயர்ப்பலகை.

என் பெயர் வினாயகமூர்த்தி. வவுணதீவில் சைக்கிள் திருத்துகிறேன். வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்து பன்னிரண்டு வருசம். பெயரை மாற்றவில்லை, அதற்கும் ஊரில் நக்கல் உண்டு. நாங்கள் ஏழு பேர் ஞாயிறு தோறும் பாலம் தாண்டி டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். இங்கேயே ஒரு சபை வேண்டும் என்று ஜெபித்தபோதுதான் லக்ஷன் வந்தார். கொழும்புப் பிள்ளை. இரண்டு வருசம் நோர்வேயில் சபை தொடங்கும் வேலை செய்தவர். அங்கே கடவுளுக்காக யாரும் சண்டை பிடிப்பதில்லையாம், கதவைத் திறப்பதும் இல்லையாம். அங்கிருந்து கொண்டுவந்த ஒரு பயிற்சிப் புத்தகம் எப்போதும் அவர் கையில் இருக்கும். அதில் முதல் படி, குடும்பத் தலைவரின் சம்மதம் வாங்குவது.

எங்கள் பகுதியில் வீடு வளவு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. ஆண் உடுப்புப் பையோடு வந்து குடியேறுகிறவன். இது கொழும்பில் வளர்ந்தவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கேதீஸ்வரி கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போயிருந்த நேரம், என் கடையில் வைத்துத்தான் பாஸ்டர் இளையதம்பியிடம் கேட்டார். முன் அறையில் ஞாயிறு ஆராதனை நடத்தலாமா, பலகை வைக்கலாமா என்று. இருபத்தாறு வருசத்தில் அந்த வீட்டைப் பற்றி அந்த மனிசனிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒப்பம் வைத்தார். நான் பக்கத்தில் காற்றடித்துக்கொண்டு இருந்தேன். வாய் திறக்கவில்லை. எங்களுக்கு ஒரு இடம் கிடைக்கிறதே என்ற ஆசை.

அந்தக் கிழமையே கொக்கட்டிச்சோலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார், கேதீஸ்வரி தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்போகும் வீட்டைப் பார்க்க வந்தார்கள். அது இதே வீடுதான். பலகையைக் கண்டு, குடும்பமே வேதத்துக்கு மாறிவிட்டது என்று நினைத்து, வேலி வாசல் கடப்படியிலேயே திரும்பிவிட்டார்கள். நடந்து வெடித்த காலோடு வந்த கேதீஸ்வரிக்குக் கிடைத்த முதல் செய்தி அது.

பக்கத்து வளவு சீதேவிப்பிள்ளை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “குடும்பத் தலைவர் ஐயா, என்ர கிணத்தயும் ஒருக்கா ஆருக்கும் எழுதிக் குடுத்துவிடுங்க.”

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். இளையதம்பி நிமிரவே இல்லை. அப்போதுதான் கேதீஸ்வரி என்னைக் கண்டாள்.

“வினாயகமூர்த்தி அண்ணன், ஒளிச்சு நிக்காம இஞ்ச வாங்க. இவர் கொழும்பார், இவருக்குத் தெரியா. நீங்க என்ர கலியாணத்துக்குப் பந்தல் போட்ட ஆள். உங்களுக்குமா தெரியா?”

“தெரியும்,” என்றேன்.

பாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். கேதீஸ்வரி புருசனிடம் ஆணியைப் பிடுங்கச் சொன்னாள். பலகையோடு சுவரின் பூச்சும் பெயர்ந்து விழுந்தது. பலகையை அவள் பாஸ்டரிடம் கொடுக்கவில்லை. என் கையில்தான் வைத்தாள்.

வரும் வழியில் பாஸ்டர், எதிர்ப்பு வந்தால் விதை விழுந்துவிட்டது என்று அர்த்தம், வருகிற ஞாயிறு அந்த வீட்டுக்கு முன்னால் தெருவில் நின்று பாடுவோம் என்றார். “இது உபத்திரவம் இல்ல பாஸ்டர், நம்மட பிழை,” என்றேன். என் விசுவாசம் பலவீனமானது என்றார். அதன்பிறகு எங்களுக்குள் கதை இல்லை. ஏழு பேரில் இரண்டு பேர் சபைக்கு வராமல் நின்றுவிட்டார்கள். பாட நானும் போகவில்லை.

மன்னிப்புக் கேட்க நேற்றுப் போனேன். கேதீஸ்வரி கடப்படிக்கு வந்தாள், ஆனால் கடப்பைத் திறக்கவில்லை. கொக்கட்டிச்சோலைக்கு நானே போய், பிழை எங்களில்தான் என்று சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“நீங்க போனா, வேதக்காரனத் தூது விட்ட வீடு எண்டுவாங்க. நான் போனா, பொய் சொல்ல வந்திரிக்காள் எண்டுவாங்க. என்ர புள்ளைக்கு ஒரு வழிய நீங்களே தேடிச் சொல்லுங்க அண்ணன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க.”

இரவு முழுக்க யோசித்தும் எனக்கு வழி தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு இருபத்திநாலு வயது, எந்தச் சபையிலும் காலடி வைக்காதவள். சைவமோ வேதமோ, எங்கள் பக்கத்துக் கலியாணப் பேச்சுத் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். அந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் யார் போய்ப் பேசினால் நம்புவார்கள்? என்னைத் திட்டுவதென்றாலும் திட்டுங்கள், ஆனால் இதற்குப் பதில் எழுதிவிட்டுத் திட்டுங்கள்.