பாக்குக் கிட்டங்கியின் பின்படி

மலாயாவின் மூவார் ஆற்றங்கரைக் கடைகளில் அந்தப் பாக்குக் கிட்டங்கிதான் உயரம். மூன்றடுக்குக் கட்டடம். கீழே இலவம்பஞ்சு மெத்தைக் கடை. நடு மாடியில் பாக்கு மூட்டைகள். மேல் மாடியில் பதினைந்து தமிழ்ப் பெண்கள் உட்கார்ந்து பாக்கு உடைத்துத் தரம் பிரிப்பார்கள். தீப்பிடித்தால் தப்பி இறங்கப் பின்பக்கச் சுவரில் ஓர் இரும்புப் படி உண்டு. ஊரில் அதற்குப் பின்படி என்று பேர். இருபது வருஷமாக அதற்கு நடந்த பராமரிப்பு வருஷத்துக்கு ஒரு பூச்சுத் தார், அவ்வளவுதான். மேலே தார் மினுக்கும், உள்ளே துரு தின்னும். பார்வையிட வந்த அதிகாரிகளும் மினுக்கலைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் வந்தவர் கைத்தடியால் ஒரு குத்துக் குத்தினார். தடி படிக்குள் இறங்கிவிட்டது. கிட்டங்கி முதலாளியான சீனத் தவுக்கே அலறியடித்துக்கொண்டு கொல்லன் காளியப்பனைக் கூப்பிட்டனுப்பினார்.

காளியப்பன் நல்ல வேலைக்காரன், அதை யாரும் மறுக்க முடியாது. தாரைச் சுரண்டி, ஒவ்வொரு படியையும் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பான். கணீரென்றால் விடுவான், சொத்தென்றால் கழற்றுவான். இரண்டு வாரத்தில் எல்லாம் மாற்றியாகிவிட்டது. மிஞ்சியது நடுத்தட்டு ஒன்றுதான். மேலிருந்து இறங்குகிறவர்கள் திரும்பி நிற்கும் இடம் அது. அதைச் சுவரோடு பிடித்திருந்த நாலு போல்ட்டும் விரல் பட்டதும் உதிர்ந்தன. அவற்றைப் பிடுங்கிவிட்டு, தட்டை நார்க்கயிற்றால் மேல் உத்தரத்தோடு கட்டித் தொங்கவிட்டான். பட்டறையில் புது போல்ட்டு அடித்து முடிக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது, அவற்றை மாட்ட நேரமில்லை. மறுநாள் ஆயுத பூஜை.

பூஜையில் வைத்த சாமானை அடுத்த நாள் நல்ல நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இந்த விஷயத்தில் காளியப்பன் ஒற்றைக் காலில் நிற்பான். காரணம் இல்லாமல் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் துரைக்குப் பயந்து பூஜையன்று சம்மட்டியைத் தொட்டான். அன்றைக்கே இடது கையில் ரெண்டு விரல் போயிற்று. அன்று பிடித்த பயம் அவனை விடவே இல்லை. பயத்துக்குப் பக்தி என்று பேர் வைத்துக்கொள்வது நம்மில் எத்தனை பேருக்கு வழக்கம்!

பூஜையன்று சாயங்காலம் அவன் மனைவி பேச்சியம்மாள் வேலை விட்டு வந்தாள். அவளும் அதே கிட்டங்கியில் பாக்கு உடைக்கிறவள்தான். வந்தவள் முகம்கூடக் கழுவவில்லை.

“ஏங்க, அந்த நாலு போல்ட்டையும் முடுக்கிட்டு வந்துடுங்களேன். அரை மணி வேலதானே?”

“சாமான் பூஜையில இருக்கு. தெரிஞ்சேதான் கேக்குறியா, பேச்சி?”

“கயிறு தாங்குமா?”

“ஒரு ஆளுன்னா தாங்கும். ரெண்டு பேரு ஏறுனா போச்சு. இருவது வருஷமா பிடிக்காத நெருப்பு நாளைக்கா பிடிக்கப் போவுது? நல்ல நேரம் பத்தரைக்கு. எடுத்த கையோட வந்து முடுக்கிடறேன்.”

“அது வரைக்கும்?”

“பயமா இருந்தா நாளைக்கு வீட்ல இரு லா.”

“நான் இருந்துக்குவேன். மத்த பதினாலு பேரு?”

அவன் சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு சாமான்களின் பக்கம் போய்விட்டான். அவள் தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். காலையில் வழக்கம்போல் ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பினாள்.

காளியப்பன் குளித்து, திருநீறு பூசி, சந்தனம் காய்ந்த சுத்தியலுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் நடுவே உட்கார்ந்திருந்தான். ஒன்பதே முக்காலுக்கு ஆற்றங்கரைப் பக்கம் தீ மணி அடித்தது. வாசலுக்கு வந்து பார்த்தான். பஞ்சு எரியும் கரும்புகை. அப்போதும், சொல்லவே நாக்குக் கூசுகிறது, சாமான் பெட்டிப் பக்கம் போன கை பாதியில் நின்றது. கண் கடிகாரத்தைப் பார்த்தது. பிறகு வெறுங்கையோடுதான் ஓடினான்.

அவன் பின்சந்துக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பதினாலு பெண்கள் சந்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். நடுத்தட்டு பிய்ந்து கல் சாக்கடையின்மேல் கிடந்தது. பக்கத்தில் பேச்சியம்மாளைக் கிடத்தி, யாரோ ஒருத்தி தன் சேலையைக் கிழித்து மூடியிருந்தாள். காளியப்பன் சேலையை விலக்கிப் பார்த்தான். அவள் முகத்தில் காயம் ஒன்றும் இல்லை. “பேச்சி, பேச்சி” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். தன்னைப் போல் பாவி உலகத்தில் இல்லை என்று அப்போது அவனுக்குத் தெரிந்தது.

பேச்சியம்மாளோடு உட்கார்ந்து வேலை செய்கிற ராஜம்மா, கரி அப்பிய முகத்தோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணே, உள்படி முழுக்கப் புகை. எல்லாரும் முட்டி மோதிக்கிட்டுப் பின்படிக்கு ஓடுனோம். அக்கா குறுக்க நின்னுட்டாங்க. ஒருத்தி கீழ மண்ணை மிதிச்சப்புறந்தான் அடுத்தவள விட்டாங்க. நடு மாடி ஜன்னல் வழியா நெருப்பு வந்து கயித்தைப் புடிச்சிடுச்சு. அதப் பாத்துட்டு நாங்க இறங்க மாட்டோம்னு அழுதோம்.”

“அவ என்ன சொன்னா?”

“‘பயப்படாதீங்கடி. எங்க வீட்டுக்காரரு கீழ நின்னு தட்டைத் தாங்கிப் புடிச்சிருக்காரு, தைரியமா இறங்குங்க’ன்னாங்க. அத நம்பித்தாண்ணே இத்தனை பேரும் இறங்குனோம். கடைசியா அவங்க கால வச்சதும் கயிறு அறுந்துருச்சு.”

ராஜம்மா மூக்கைச் சிந்தினாள். பிறகு அவன் ரெண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“புகையில உங்களப் பாக்க முடியலண்ணே. எந்தப் பக்கம் நின்னு தாங்குனீங்க?”

காளியப்பன் கைகளை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை.

“வீட்ல இருந்தேம்மா” என்றான்.