கிணற்றில் விழாதவள்

இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கியிருக்கலாம். எங்கேயாவது ஒரு தேநீர் குடித்துவிட்டு அதே பேருந்தில் திரும்பியிருந்தால் ஆறு மணியாகியிருக்கும். ஆறு என்றால் சமாளித்துக்கொள்ளலாம். சிலுவையடியில் ஜெபமாலைக்கு ஆட்கள் கூடிவிடுவார்கள், யாராவது யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பார்கள். நாலரை மணிக்கு அங்கே என்ன இருக்கிறது? நாலரை மணிக்கு அங்கே நான் மட்டும்தான் இருப்பேன்.

அப்படி நினைத்துக்கொண்டேதான் உர்சுலா கின்னி சாலையைக் கடந்தாள். ஐம்பத்திரண்டு வயது. காலையில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகமாட்டாள். வருகிற பேருந்தில் ஏறி, தோன்றிய இடத்தில் இறங்கி, கால் வலிக்கும்வரை நடப்பாள். பம்பாயில் அவள் நடக்காத பேட்டை குறைவு. இன்று அக்டோபர் வெயில் மண்டையைப் பிளந்தது. அதனால்தான் சீக்கிரம் திரும்பினாள்.

அவள் குடியிருக்கும் குருஸ்வாடிக்குள் நுழைகிற சந்து, கைபேசி பழுதுபார்க்கும் கடைக்கும் கரும்புச்சாறு கடைக்கும் நடுவில் இரண்டு ஆள் அகலத்தில் இருந்தது. வெளியே பேருந்து, ஆட்டோ, மெட்ரோ தூண்கள், சுத்தியல் சத்தம். உள்ளே பத்தடி வைத்ததும் யாரோ காதில் பஞ்சை அடைத்ததுபோல் எல்லாம் அடங்கிவிடும். ஓடு வேய்ந்த வீடுகள், வெளியே ஏறுகிற மரப்படிகள், மதிலில் தூங்கும் பூனை. வந்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் நின்று மூச்சை இழுத்து விடுவார்கள். உர்சுலாவுக்கு அந்தப் பத்தாவது அடியில்தான் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து குறுக்கும் நெடுக்குமாக நடக்கத் தொடங்கும்.

இன்று சந்தின் வாயை ஒரு கும்பல் அடைத்துக்கொண்டு நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர், கழுத்தில் கேமரா, கையில் தண்ணீர் பாட்டில். நடுவில் மஞ்சள் குடை பிடித்த ஒரு பெண்.

"வந்துட்டீங்களா? நீங்கதானே மிஸஸ் சோஹோனி? உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். நான் சாயலி." அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் உர்சுலாவின் தோளில் ஒரு வட்டச் சீட்டை ஒட்டினாள். "பரவாயில்ல மாவ்ஷி, இந்தச் சந்தைக் கண்டுபிடிக்க எல்லாருமே திணறுவாங்க."

நான் இங்கேதான் பிறந்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் மிஸஸ் சோஹோனி ஒன்றரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். தன் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவளாக ஒரு முறையாவது நடந்தால் எப்படி இருக்கும்? அவள் புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு கும்பலின் பின்னால் சேர்ந்துகொண்டாள்.

வாடியின் சங்கத் தலைவன் ஓஸ்வின் ஆறு மாதமாக, வெளியாட்களுக்கு வாடியைச் சுற்றிக்காட்டும் இந்த நடையை ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். பில்டர் ஒருவன் மூன்று வீடுகளை வளைத்துவிட்டான். நாலு பேர் வந்து பார்த்துப் பேசினால்தான் மிச்சம் நிற்கும் என்பது ஓஸ்வினின் கணக்கு. போன மாதம் அவன் வந்து, "ஆண்ட்டி, உங்க முற்றத்துக் கிணத்தை அவங்க பாக்கலாமா? கேட்டைத் திறந்து விட்டாப் போதும்" என்று கேட்டான். சனிக்கிழமைதான் நான் இருக்கமாட்டேனே, பார்த்துக்கொள்ளட்டும் என்று சாவியைக் கொடுத்திருந்தாள்.

சிலுவையடியில் நின்றார்கள். பிளேக் காலத்தில் நட்ட சிலுவை என்று சாயலி சொன்னாள். உண்மைதான். கல்லூரிப் பெண்கள் இருவர் சாமந்தி மாலையோடு சேர்த்துப் படம் எடுத்தார்கள். தொப்பி போட்ட ஒருவர் இடப்பக்க வீட்டைக் காட்டி, "இங்க சதுர அடி என்ன போகுது?" என்றார்.

"சும்மா இருங்க! எங்க போனாலும் இதே கேள்வி" என்றாள் அவர் மனைவி. "வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனப்பவும் இதைத்தான் கேட்டாரு."

"தெரிஞ்சுக்கிறதுல என்ன தப்பு? நான் ரிட்டயர் ஆனதும் இங்க வந்துடலாம்னு பாக்கறேன். என்ன அமைதி! ஊரெல்லாம் சுத்தியாச்சு, இந்த மாதிரி இடம் இல்ல."

உர்சுலாவின் கால் நின்றது. கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை, இதே சிலுவையடியில், இருபத்தாறு வருடத்துக்கு முன் சிப்ரியன் சொன்னான்.

சிப்ரியன் வசாய் ஊரைச் சேர்ந்தவன். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். இரண்டு வருடம் அவனிடமிருந்து கடிதங்கள் வந்தன. டர்பன், ராட்டர்டாம், பூசான். அவள் கடிதத்தைவிடத் தபால்தலையை அதிக நேரம் பார்த்தாள். கல்யாணமானதும் மனைவியைக் கப்பலில் அழைத்துப் போகலாம் என்று அவன் எழுதியிருந்தான். பெட்டியை ஒரு மாதத்துக்கு முன்பே கட்டி வைத்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின மாலை, பாண்டு வாத்தியத்தோடு பெண்கள் வந்து அவள் வீட்டுக் கிணற்றிலேயே, அத்தித் தண்ணீர் என்று சொல்கிற மணச்சடங்குத் தண்ணீரைச் சேந்தினார்கள். பித்தளைக் குடங்களில் அதைக் கொண்டுவந்து மணைப்பலகையில் உட்கார வைத்துத் தலையில் ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர் பட்டுவிட்டால் பெண் கோயிலுக்குப் புறப்படும்வரை வாசலைத் தாண்டக் கூடாது என்பது வாடியின் கட்டு. தலையைத் துவட்டும்போது ஒரு சித்தி மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உனக்கென்னடி கவலை, மாப்பிள்ளை கப்பல் வேலையை விட்டுட்டு உங்க வீட்டோட வந்துடறாராமே! உன்கிட்ட சொல்லல? நாளைக்குச் சொல்லி அசத்தணும்னு இருந்தாரு போல."

உர்சுலா ஈரத்தலையோடு வாசலைத் தாண்டினாள். சிலுவையடிக்கு அவனை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். அவன் முகமெல்லாம் மலர்ந்து வந்தான். "இந்த அமைதியை விட்டுட்டு எங்க போறது உர்சுலா? நான் உலகம் பூரா பாத்துட்டேன். இந்த மாதிரி இடம் இல்ல."

"நான் பாக்கல" என்றாள் அவள்.

அவன் கெட்டவனில்லை. அன்று ஒரு மணி நேரம் மன்றாடினான், பிறகு அழுதான். அவள் முடியாது என்றாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "தண்ணி ஊத்தியாச்சேடி! ஊத்தின தண்ணியை எப்படித் திருப்பி எடுக்கறது?" வாடிக்கு வேறு விளக்கம் கிடைத்தது. தண்ணீர் பட்டவள் வாசலைத் தாண்டிவிட்டாள், அதனால்தான் அவன் கைவிட்டுப் போனான், பாவம். முதலில் ஒவ்வொருவரிடமும் திருத்திப் பார்த்தாள். அவர்கள் அவள் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தார்கள்.

அடுத்த வருடம் அம்மா படுக்கையில் விழுந்தாள். பிறகு வேலை. பிறகு எதுவுமே இல்லாமல்கூட வருடங்கள் போயின. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவளுக்குப் போகிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. எந்த இடம் வேண்டாமென்று அவனை அனுப்பினாளோ அந்த இடத்திலேயே இருக்கிறாள். சரியாகத்தான் செய்தேனா என்று இந்த மதிய நேரத்து அமைதி ஒவ்வொரு நாளும் கேட்கிறது. அதற்குப் பயந்துதான் பேருந்தில் ஏறுகிறாள்.

"மாவ்ஷி, வாங்க, பின்தங்கிடாதீங்க" என்று சாயலி கூப்பிட்டாள்.

கும்பல் அவள் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவளுடைய துணிக்கொடி. அதில் காலையில் அவளே உலர்த்திய இரண்டு தலையணை உறைகள். தொப்பிக்காரர் அதற்குக் கீழே குனிந்து போனார். கொசுவுக்குப் பயந்து கிணற்றின்மேல் போட்டிருந்த இரும்பு வலை ஒரு பக்கமாக விலக்கி வைக்கப்பட்டிருந்தது.

சாயலி குடையை மடக்கினாள். குரலைத் தாழ்த்தினாள். "இந்த வீட்டுல ஒரு பொண்ணு இருந்தா. கல்யாணத்துக்கு முந்தின நாள் இந்தக் கிணத்துத் தண்ணியைத்தான் அவ தலையில ஊத்தினாங்க. அதுக்கப்புறம் வாசலைத் தாண்டக் கூடாது. ஆனா அவளால பொறுக்க முடியல. மாப்பிள்ளையைப் பாக்கணும்னு ஒரே ஒரு தடவை வெளிய ஓடினா. அன்னைக்கு ராத்திரியே அவன் வந்துக்கிட்டிருந்த கப்பல் மூழ்கிடுச்சு. சேதி வந்ததும் அவ நேரா இங்க வந்தா."

சாயலி கையால் கிணற்றைக் காட்டினாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உர்சுலாவும் எட்டிப் பார்த்தாள். கீழே பன்னிரண்டு தலைகள் தெரிந்தன. அதில் தன்னுடையது எது என்று அவளுக்குச் சட்டென்று தெரியவில்லை.

"ஐயோ பாவம்" என்றாள் ஒரு கல்லூரிப் பெண். அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "அவ பேரு என்ன?"

"பேரு யாருக்கும் ஞாபகம் இல்ல."

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு கரகரத்த சிரிப்பு. ரெஜினா. முட்டுவலியால் படியிறங்காமல் பத்து வருடமாகப் பால்கனியிலேயே வாழ்கிறவள். "அடியே உர்சுலா! சொந்தத் தெருவையே டிக்கெட் வாங்கிப் பாக்க வந்துட்டியா? ஏம்மா மஞ்சக்குடை, பேரு ஞாபகம் இல்லையா? செத்தவ உன் பக்கத்துலயே நிக்கிறா, அவளையே கேளு!"

எல்லாத் தலைகளும் திரும்பின. அந்த நேரம் பார்த்துச் சாயலியின் கைபேசி அடித்தது. கரும்புச்சாறு கடை வாசலில் நின்று உண்மையான மிஸஸ் சோஹோனி கத்துவது எல்லோருக்கும் கேட்டது.

தொப்பிக்காரர் உர்சுலாவை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்க விழலையா?"

"இல்லீங்க" என்றாள் உர்சுலா.

"கப்பலு?"

"அது மூழ்கல."

அவர் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஏனோ மன்னிப்புக் கேட்கவேண்டும்போல இருந்தது.

ஓஸ்வின் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தான். விருந்தாளிகளை ரெஜினாவின் வீட்டுக்கு இஞ்சி ஒயின் குடிக்க அனுப்பினான். சாயலியைச் சந்துக்கு விரட்டினான். முற்றத்தில் இருவர் மட்டும் மிஞ்சியதும் தன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டான்.

"ஆண்ட்டி, சத்தியமா நான் சொல்லிக்குடுத்தது இவ்வளவு இல்ல. ரெஜினா ஆண்ட்டி கொஞ்சம் சேத்தாங்க, சாயலி மிச்சத்தைச் சேத்துட்டா. கிணறு மட்டும்னா யாரும் ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டேங்கறாங்க. கதை சொன்னா இருபது நிமிஷம் நிக்கறாங்க."

"என்னைக் கொன்னுட்டியேடா."

"கோவமா?"

கோபமா என்று உர்சுலா தனக்குள் தேடிப் பார்த்தாள். கோபம் இல்லை. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தலையணை உறைகளைக் கொடியிலிருந்து எடுத்தாள். ஒன்றை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

ஓஸ்வின் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தான். அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. யோசிக்கும்போது கட்டைவிரல் நகத்தைக் கடிப்பான், இப்போதும் கடித்தான். "ஆண்ட்டி, யோசிச்சுப் பாத்தா நீங்க உயிரோட இருக்கறது இன்னும் நல்லது."

"ரொம்ப நன்றி."

"விளையாடல, கேளுங்க. அவ செத்துட்டான்னு சொல்ல வேணாம். இன்னும் காத்துக்கிட்டிருக்கான்னு சொல்லலாம். சனிக்கிழமை அஞ்சு மணிக்கு நீங்க எடுத்து வச்சிருக்கற சிவப்புக் கல்யாணப் புடவையைக் கட்டிக்கிட்டு இங்க வந்து நில்லுங்க. பேச வேணாம். பித்தளைக் குடம் நான் கொண்டு வர்றேன். பத்தே நிமிஷம். அந்தப் படம் எங்கெங்க போகும் தெரியுமா? இந்த முற்றத்தை இடிக்கணும்னு எவனாவது வாயைத் திறப்பானா? உங்க வீடு, ரெஜினா ஆண்ட்டி வீடு, சிலுவை, எல்லாமே நிக்கும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அது அவளுக்குத் தெரியும். ரெஜினாவால் இந்த வயதில் பில்டர் கட்டப்போகும் கட்டடத்தின் பதினெட்டாவது மாடிக்குக் குடிபோக முடியாது.

"அவன் என்னைக் கைவிடல, ஓஸ்வின். நான்தான் அவனை வேணாம்னேன். தெரியுமில்ல?"

அவன் எழுந்துவந்து அவள் கையைப் பிடித்து மெல்லத் தடவிக்கொடுத்தான், எல்லோரும் தடவியதைப்போலவே. "சரி ஆண்ட்டி, அப்படியே இருக்கட்டும். ஆனா அதைச் சொன்னா கதை நிக்காதே. வேணாம்னு சொன்னவ ஏன் இங்கயே இருந்தான்னு கேப்பாங்க. அதுக்கு என்ன பதில் இருக்கு?"

இருபத்தாறு வருடமாக அந்தப் பதிலைத்தான் அவளும் தேடுகிறாள், ஒவ்வொரு பேருந்திலும், ஒவ்வொரு அறியாத தெருவிலும். ஆனால் அந்தக் கேள்வி அவளுடையது. இவர்கள் கதையில் அதற்கு இடமே இல்லை. அங்கே நிற்கப்போகிறவள் ஒருபோதும் ஈரத்தலையோடு வாசலைத் தாண்டி, முடியாது என்று சொல்லியிருக்கமாட்டாள்.

எதிர்மாடியில் கண்ணாடிக் குவளைகள் உரசின. ரெஜினா யாரிடமோ எதையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், பலமான சிரிப்பு எழுந்தது.

"அடுத்த சனிக்கிழமையிலேருந்து வச்சுக்கலாமா?" என்றான் ஓஸ்வின். "உங்க ஒரு வார்த்தை போதும், ஆண்ட்டி. நம்ம வாடிக்காக."

உர்சுலா அவன் கையிலிருந்து தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"கிணத்தைப் பாக்கட்டும்பா, எவ்வளவு பேர் வேணாலும் வரட்டும். பில்டருக்கு எதிரா எதுல வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன், கூட நடக்கணும்னாலும் நடக்கறேன். இங்க வந்து நிக்க மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்லுங்களேன். அவசரமில்ல."

"இல்லப்பா" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "நிக்க மாட்டேன்."