இரண்டு பெடல் வண்டி

இப்போதெல்லாம் எவரும் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள். பழைய கார் விற்கிற அந்தக் கடையிலும் அதே லட்சணம்தான். கிழவர் குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே எட்டிப் பார்த்தார். பெடல் இரண்டுதான் இருந்தது.

"கிளட்ச் எங்கம்மா?"

"உள்ளயே இருக்குங்க ஐயா. அதுவே அமுக்கிக்கும், அதுவே கியர் மாத்திக்கும்," என்று சிரித்தாள் விற்பனைக்காரப் பெண்.

"அதுவேன்னா யாரு?"

"வண்டிதான்."

"அப்ப நான் எதுக்கு? வேடிக்கை பாக்கவா?"

"அப்பா, வந்த இடத்துல வம்பு வளர்க்காதீங்க," என்றாள் மகள்.

முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். இடது முட்டி போன வருஷம் தேய்ந்து, அறுத்துத் தைத்தார்கள். நடக்க வரும், கிளட்ச்சை மிதித்தால் பாதியிலேயே உயிர் போகும். மனைவிக்கோ சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். போன மாதம் வாடகைக் கார்க்காரன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அந்த ஒரு நாள் தவறியதற்கே நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுக்குத் தவித்து, அவள் பிழைத்தது மறுபிழைப்பு. மகள் அன்றே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்: அப்பா கிளட்ச் இல்லாத வண்டி ஓட்டுவதானால் அம்மா இங்கே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அங்கே அவருக்கும் இடம் உண்டா என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஓட்டிப் பார்க்கக் கிழவர் ஸ்டியரிங்கில் உட்கார, அம்மாவும் மகளும் பின்னால் ஏறினார்கள். விற்பனைக்காரப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இடது காலுக்கு வேலையே இல்லைங்க ஐயா. ஓரமா மடக்கி வச்சுக்கங்க."

"அதுக்குப் பென்ஷன் உண்டா?"

மனைவி சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

கியர் மாறும்போதெல்லாம் வண்டி கொஞ்சம் யோசித்தது. எல்லாருடைய தலையும் முன்னே போய் வந்தது.

"கத்துக்குட்டி ஓட்டுற மாதிரி இருக்கு."

"மாறும்போது ஆக்சிலரேட்டரை லேசா விட்டுப் பிடிங்க."

செய்து பார்த்தார். குலுங்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளாமல் அடுத்த தடவையும் அப்படியே செய்தார்.

ரயில் பாலத்து ஏற்றத்தில் நெரிசல். முன்னால் பேருந்து நின்றுவிட்டது. மேட்டில் பிரேக்கைத் தேடுகிறவனை லாரிக்காரர்கள் டிரைவர் என்றே சொல்லமாட்டார்கள். அரை கிளட்ச்சில், கொஞ்சமாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் பாரவண்டியைப் பிடித்து வைப்பதில்தான் கெட்டிக்காரத்தனம். கிளட்ச் இல்லாவிட்டால் என்ன, வலது கால் இருக்கிறதே? ஆக்சிலரேட்டரை ஒரு விரற்கடை அமுக்கினார். கார் அசையாமல் நின்றது.

"பாத்தியா?" என்றார், கண்ணாடியில் மனைவியைப் பார்த்து.

"ஐயா, பிரேக்ல நில்லுங்க. இப்படிப் பிடிச்சா உள்ள இருக்கற கிளட்ச் சூடாயிடும்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே மேட்டுல நின்னவன்மா நான்."

எங்கேயோ மணி அடித்தது. இந்தக் காலத்து வண்டி கதவு சாத்தாவிட்டாலும் கத்தும். அவர் காதில் வாங்கவில்லை. பிறகு தீய்ந்த நாற்றம் வந்தது.

"ஐயா, பிரேக்!"

அதற்குள் உள்ளே ஏதோ பிடியை விட்டது. கார் பின்னால் உருண்டது. அவருடைய கால்கள் லாரியில் செய்ததையே செய்தன. இடது கால் இல்லாத கிளட்ச்சைத் தேடியது. வலது கால் ஆக்சிலரேட்டரை இன்னும் அமுக்கியது. எஞ்சின் அலறியதே தவிர, சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அந்தப் பெண் கைப்பிரேக்கை இழுப்பதற்குள் பின்னால் ஒரு ஸ்கூட்டர் நொறுங்கியது.

ஸ்கூட்டர்காரர் எகிறிக் குதித்துத் தப்பிவிட்டார். அடி காருக்குள்ளேதான். ரத்தம் சுத்தம் செய்ய ஊசி குத்துகிற மனைவியின் கை கதவில் மோதி, நேற்றுக் குத்திய இடம் திறந்துகொண்டது. ரத்தம் இருக்கை முழுக்கப் பீறிட்டது. மகள் கைக்குட்டையைச் சுருட்டி வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள்.

"யோவ் பெருசு, கண்ணு தெரியாதவனெல்லாம் எதுக்குய்யா வண்டி எடுக்கறீங்க?" என்று ஸ்கூட்டர்காரர் கத்தினார்.

கிழவர் இறங்கி, திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அதுதான் விட்டுடுச்சு."

"பிரேக்கை மிதிச்சிருந்தா நின்னிருக்கும்ங்க ஐயா. மணி அடிச்சுதே!"

"விடப்போறேன்னா சொல்லுச்சு?"

கைக்குட்டை நனைந்து மகளின் முழங்கை வரை வழிந்தது. விற்பனைக்காரப் பெண் ஸ்கூட்டர்காரரிடம் கடையின் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்டியரிங் பக்கம் வந்து உட்கார்ந்தாள். முன்னால் நின்ற பேருந்து நகர்ந்திருந்தது. கொஞ்சம் ஆறியிருந்த வண்டி அவளுக்குக் கிளம்பியது.

"ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றாள் மனைவி. உதடு வெளுத்திருந்தது. அவர் ஏறவில்லை. அவள் மகள் பக்கம் தலையை அசைத்தாள். "ஞாயித்துக்கிழமை நான் இவகூடவே போயிடறேங்க."

"இந்த வண்டியை நம்பியா போற? போங்க, நான் நடந்து வரேன்."

மகள் கதவை இழுத்துச் சாத்தினாள். கார் குலுங்கி ஏற்றத்தில் ஏறிப் போனது. அவர் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து எதிர்ப்பக்கமாக இறங்க ஆரம்பித்தார். பிடித்தது நான், விட்டது அது. எவர் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.