அக்கரையில் ஓர் ஆள்

சத்திரத்துச் சுவரில் விற்பனைக்குத் தொங்கிக்கொண்டிருந்த, நான் வரைந்த லெக் ஆற்றுப் படத்தை யாரையும் கேட்காமல் கழற்றி, விலாங்கு மீன் கூடைக்குள் வைத்து என் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள் வெண்டெலா. சாம்பல் மையைத் தவிர வேறு நிறமே தொடாத படம். அதில் அக்கரை மேட்டில் நகத்தளவுக்கு ஓர் ஆள் நடக்கிறான்.

"இது எங்க வீட்டுக்காரர்தானே? அவரு மாதிரியே ஒரு தோள் சரிஞ்சிருக்கு பாருங்க."

அவள் கணவன் லுப்பர்ட் படகோட்டி. இரண்டு வருடங்களுக்கு முன் வந்த வெள்ளத்தில் படகு மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியது, ஆள் கிடைக்கவில்லை. அக்கரையில் இருப்பதோ வியானன், ஊரைவிட்டு ஓடுகிறவர்கள் அடைக்கலம் புகும் ஊர். அவன் அங்கே ஓடிவிட்டான் என்று பேசுகிற வாய்கள் பேசின. இப்போது மதகுக் காவலர் அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறு தேவாலயத்தில் திருமண அறிவிப்பு.

"படத்துக்குப் பின்னால தேதி போட்டிருக்கீங்க. படகு கவிழ்ந்த மூணாம் நாள்."

"அது ஆத்துக்குப் போட்ட தேதிம்மா. கரையில உக்காந்து பென்சில் கோடு மட்டும்தான் இழுப்பேன். மை பூசுறது, ஆள் வைக்கிறதெல்லாம் குளிர்காலத்துல வீட்டுல. ஆளே இல்லாத படத்த யாரு வாங்குவா?"

"அப்ப இவரு நீங்களா வச்ச ஆளு."

ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் கண்ணில் பட்டவர்களை அங்கேயே குறித்துக்கொள்வதும் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். மைக்கு அடியில் ஒரு பென்சில் கோடு இருந்தது. மனிதனின் தோளாக இருக்கலாம், வெட்டிவிட்ட மரத்தின் அடிக்கட்டையாகவும் இருக்கலாம். என் கை இழுத்த கோடு எனக்கே பிடிபடவில்லை. வெட்கமாக இருந்தது.

"கோடு இருக்கு. எதுக்குப் போட்டேன்னு சத்தியமா தெரியலம்மா."

"மரமா மனுஷனான்னு தெரியாமத்தான் இத்தன வருஷமா வரையுறீங்களா?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. தேவாலயத்தில் காட்டுவதற்காக, கற்பனை ஆள் என்று பின்பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்வாள் என நினைத்து, பேனாவை எடுத்து வைத்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவரு வியானனுக்குப் போறாரா, இல்ல படகுத்துறைக்குத் திரும்பி வர்றாரா?"

நான் எட்டிப் பார்த்தேன். தூரிகையின் ஒரே இழுப்பு. முகமும் இல்லை, முதுகும் இல்லை.

வெண்டெலா சட்டத்தின் கண்ணாடிமேல் விரலை வைத்து அந்த ஆளை மறைத்தாள். ஆறு காலியானது. விரலை எடுத்தாள். பிறகு மறுபடியும் மறைத்தாள்.